நொட்டாங்கை ரோஜா

செய்தி வந்தபோது மணி இரண்டு நாற்பது. செவ்வாய்க்கிழமை. கல்லூரியில் வரலாற்று மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் மேற்பார்வையில் இருந்தேன். அலுவலகப் பெண் கதவருகே வந்து விரலை அசைத்துக் கூப்பிட்டாள். தாழ்வாரத்துத் தொலைபேசியில் அம்மா.

"ஜில், மேவிஸ் போயிட்டாடி."

 நான் கேட்பதற்குள் அம்மாவே தொடர்ந்தாள்.

"நாற்காலியிலயே. காலைல போய் ஓட்கேக் ரொட்டி வாங்கிட்டு வந்திருக்கா, அரை டஜன். சீஸ் துருவித் தட்டுல வச்சிருக்கா. அடுப்பு பத்த வைக்கல. பத்த வச்சிருந்தா வீடும் போயிருக்கும். டாக்டர் சொல்றார், ஒரு நிமிஷம்கூட ஆயிருக்காதாம். அவருக்கு என்ன தெரியும்? ஒரு நிமிஷத்துல அவ ஒரு ரோஜா முடிச்சிடுவா."

அம்மாவுக்கு அழுகை வந்தால் இப்படித்தான் விவரம் விவரமாகப் பேசுவாள். நான் தேர்வறைக்குத் திரும்பிப் போய் நான்கு மணிவரை நின்றேன். யாரும் எதையும் கவனிக்கவில்லை.

மேவிஸ் அத்தை எனக்கு ரத்த உறவு இல்லை. அம்மாவோடு ஒரே மேஜையில், எதிரெதிரே, முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து வேலை செய்தவள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் லென் சூளைக்காரர், இறந்து இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. அதனால் நேற்றுக் காலை பதிவு அலுவலகத்துக்கு நானும் அம்மாவும்தான் போனோம். எழுத்தர் பெயர் கேட்டார், வயது கேட்டார், பிறகு தொழில் கேட்டார். 'பீங்கான் தொழிலாளி, ஓய்வு' என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"பூக்காரின்னு எழுதுங்க."

எழுத்தர் நிமிர்ந்தார். "எந்தக் கம்பெனி?" என்றார்.

வேறு ஊராக இருந்தால் எந்தக் கடைத்தெருவில் என்று கேட்டிருப்பார்கள். பீங்கான் ஊரான லாங்டனில் பூக்காரி பூ விற்பவள் இல்லை. பீங்கான் மண்ணை உள்ளங்கையில் வைத்து இதழ் இதழாகக் கிள்ளிப் பூ செய்பவள். அந்தப் பூ சூளையில் வெந்து, பளபளப்பும் வண்ணமும் ஏறி, எங்கோ ஒரு பெண்ணின் கோட்டில் ப்ரூச்சாகவோ காதில் கம்மலாகவோ போய் உட்காரும்.

அம்மா கம்பெனிப் பெயரைச் சொன்னாள். "என் சித்தியும் பூக்காரிதான்," என்றார் எழுத்தர், எழுதிக்கொண்டே. "பான்சிப் பூ செய்வாங்க."

"பான்சி யார் வேணும்னாலும் செய்யலாம்," என்றாள் அம்மா.

மேவிஸ் கார்ட்லிட்ஜ், வயது எழுபத்திரண்டு, பூக்காரி. அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. நாளை மறுநாள் அடக்கம். தேவாலயத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு எழுத உட்கார்ந்தேன், நிற்கவில்லை. போகட்டும், முழுதாக எழுதிவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்கிறேன்.

மேவிஸ் அத்தை பூ அறைக்கு வந்தது 1947 செப்டம்பரில், பதினைந்து வயதில். அப்போது அவள் மேவிஸ் புரூ. அப்பா சுரங்கத்தில் வேலை. பூ அறையில் இருபத்திரண்டு பெண்கள், இரண்டு நீள மேஜைகள். எல்லோருக்கும் மேல் மிஸ்ஸஸ் பிரிண்ட்லி. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இலையும் கடுகளவு நீலப் பூக்களும்தான். ஆறேழு மாதம் அதைச் செய்து விரல் பழகிய பிறகே ரோஜாவுக்கு விடுவார்கள்.

ரோஜா செய்வதைப் பார்த்தால் சும்மா விளையாடுவதுபோல இருக்கும். உள்ளங்கையில் துளி ஆலிவ் எண்ணெய். ஈரத்துணிக்கு அடியிலிருந்து மண்ணைப் பட்டாணியளவு கிள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு தேய். ஓரம் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும் அளவுக்கு இதழ் வரும். முதல் இதழைச் சுருட்டினால் மொட்டு. அதைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு. மண் காய்வதற்குள் முடிக்க வேண்டும். திருத்துவது என்ற பேச்சே கிடையாது.

இதில் ஒரு விஷயம் யாருக்கும் தோன்றியதே இல்லை. வலது கைக்காரி இதழ் அடுக்கினால் ரோஜா ஒரு பக்கமாகச் சுழலும். இடது கைக்காரி அடுக்கினால் மறுபக்கம் சுழலும். அந்த அறையில் அதுவரை இடது கைக்காரி வந்ததில்லை. பள்ளிக்கூடத்திலேயே அடித்து மாற்றிவிடுவார்கள். மேவிஸ் மாறவில்லை. இலையிலும் சின்னப் பூவிலும் அது வெளியே தெரியவில்லை. 1948 ஜூனில் ரோஜாவுக்கு விட்டார்கள். இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டாள்.

மூன்று ரோஜா வைத்த ப்ரூச். மூன்றும் மூன்று பெண்கள் செய்தது. மிஸ்ஸஸ் பிரிண்ட்லி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இந்த நடு ரோஜா யாரோடது?"

"என்னோடது, மிஸ்ஸஸ்."

"ஏன் அது மத்த ரெண்டையும் பாத்து முறைக்குது?"

அறை முழுக்கச் சிரிப்பு. மேவிஸ் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அந்தக் கையைக் காட்டு. ஓ, நொட்டாங்கையா? ஒன்பது மாசமா வாயைத் திறக்கலையே நீ?"

"நீங்க கேக்கலையே, மிஸ்ஸஸ்."

எதிரே உட்கார்ந்திருந்த என் அம்மா பெரிலுக்கு அப்போது பதினெட்டு வயது. மேஜைக்கு அடியில் மேவிஸின் காலை மிதித்து, வாயை மூடச் சொன்னாளாம்.

மிஸ்ஸஸ் பிரிண்ட்லி கெட்டவள் இல்லை. பூவைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது, அவ்வளவுதான். ஆகஸ்ட் விடுமுறை வரைக்கும் கெடு கொடுத்தாள். அதற்குள் வலது கைக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் வைக்கோல் அறை. மற்றவர்கள் செய்த கோப்பைகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் இடம் அது.

வைக்கோல் அறைக்குப் போவது ஒன்றும் அவமானம் இல்லை. ஊரில் பாதிப் பெண்கள் அங்கே இருந்தார்கள். மேவிஸுக்கு அது ஏன் அவ்வளவு கனத்தது என்று எனக்குப் பல வருஷம் புரியவில்லை. ஒருநாள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே சொன்னாள். "பள்ளிக்கூடத்துல வலது கையால எழுத வச்சாங்க. எழுதினேன். ஆனா அது என் எழுத்து மாதிரியே இருக்காது, யாரோ எழுதின மாதிரி இருக்கும். பூ அறைக்கு வந்தப்பதான் முதல் தடவையா யாரும் என் கையைப் பாக்கல. பூவைப் பாத்தாங்க. நல்லா இருக்குன்னாங்க." சொல்லிவிட்டுக் கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். 

எட்டு வாரம் முயன்றாள். வலது கையால் செய்த ரோஜாக்களை அம்மா கையில் எடுத்துப் பார்ப்பாளாம்.

"ஏண்டி மேவிஸ், இது ரோஜாவா முட்டைக்கோஸா?"

"தெரியலையா? கோஸு."

"கொஞ்சம் உப்பு போட்டு வேகவச்சா நல்லா இருக்கும்."

வீட்டில் ரொட்டித் துண்டைப் பிசைந்து பழகினாள். ரொட்டிக்கே ரேஷன் இருந்த காலம் அது. அப்பா சுரங்கத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இதை நான் தின்னணுமா, சட்டையில குத்திக்கணுமா?" என்று கேட்டாராம்.

வலது கையால் ஒரு டஜன் முட்டைக்கோஸ் முடித்ததும் இடது கையால் ஒரு டஜன் ரோஜா செய்வாள். கை மறந்துவிடக் கூடாது என்று. கம்மலுக்கான சின்ன ரோஜாக்கள். அதைத் தனிப் பலகையில் வைத்து, வாரக் கடைசியில் கழிவுத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். பச்சை மண்ணைத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் மண்ணாக்கிக்கொள்ளலாம். சுட்டுவிட்டால் முடியாது. எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது.

அந்த ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, தொட்டிக்குப் போக வேண்டிய மேவிஸின் பலகை சூளைக்குப் போய்விட்டது. பலகைகளை அன்று அடுக்கியவள் அம்மா.

இதைப் பற்றி இருவருக்கும் ஐம்பத்தைந்து வருஷமாகச் சண்டை. எங்கள் வீட்டுச் சமையலறையில் குறைந்தது நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

"நான் வேணும்னுதான் வச்சேன்," என்பாள் அம்மா.

"புளுகாதே பெரில். அன்னிக்கு நீ ரெஜ் மௌண்ட்ஃபோர்டு உன்னை டான்ஸுக்குக் கூப்பிட்டானா இல்லையான்னு காலைலேருந்து அரைச்சிட்டிருந்த. உன் தலையையே சூளையில வச்சிருந்தாலும் உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அவர் கூப்பிட்டார்."

"அதான் சொல்றேன்."

ரெஜ் மௌண்ட்ஃபோர்டு என் அப்பா.

மறு வாரம் சூளை பிரித்தார்கள். அம்மாவின் வலது ரோஜாக்களோடு கலந்து மூன்று டஜன் இடது ரோஜாக்கள், வெள்ளை வெளேரென்று, கல்லாக இறுகிப்போய் வந்தன. மிஸ்ஸஸ் பிரிண்ட்லி கழுத்துவரை சிவந்துவிட்டாள்.

"இது எப்படி உள்ள போச்சு?"

"நான்தான் மிஸ்ஸஸ், பலகை மாறிடுச்சு," என்றாள் அம்மா.

"உனக்குத் தலையே மாறிடுச்சு. ரெண்டு பேரும் உக்காந்து பிரிங்க. வலதெல்லாம் இந்தப் பக்கம். நொட்டாங்கையெல்லாம் செகண்ட்ஸ் கூடையில."

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். இருவரும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் அம்மாவுக்கு விளையாட்டு. இந்தக் கையில் ஒன்றும் அந்தக் கையில் ஒன்றுமாக எடுத்து மேவிஸின் காதுகளில் வைத்து, "பாரு, உன் முறைக்கிற ரோஜாவை உனக்கே போட்டு விடறேன்," என்றாள். சொன்னவள் அப்படியே நின்றாள்.

"அசையாதே."

"என்னடி, புழுவா?"

"அசையாதேன்னு சொல்றேன். மிஸ்ஸஸ்! இங்க வாங்க!"

மிஸ்ஸஸ் பிரிண்ட்லி கையில் சாண்ட்விச்சோடு வந்தாள்.

அதுவரை எல்லாக் கம்மலும் ஒரே பக்கம் சுழலும் இரண்டு ரோஜாக்கள்தான். ஒரு காதில் ரோஜா முகத்தைப் பார்க்கும், மறுகாதில் பின்மண்டையைப் பார்க்கும். யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. வேறு மாதிரி எதையும் பார்த்ததில்லை, அதனால். இப்போது மேவிஸின் இடது காதில் அவள் செய்தது, வலது காதில் அம்மா செய்தது. இரண்டும் முகத்தை நோக்கித் திறந்திருந்தன. கறுத்த முடியும் துருத்திய முகவாயுமாக இருந்த அந்தப் பதினாறு வயதுப் பெண்ணை யாரோ இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருப்பதுபோல இருந்தது என்று அம்மா சொல்வாள்.

மிஸ்ஸஸ் பிரிண்ட்லி சாண்ட்விச்சை மேஜையில் வைத்தாள். காதுகளை மாற்றி வைத்துப் பார்த்தாள். திரும்பவும் பழையபடி வைத்துப் பார்த்தாள். "ம்," என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாரமே ஒரு ஜோடிக்குப் பளபளப்பு ஏற்றி, இளஞ்சிவப்பு பூசி, திருகு வைத்து வாங்கிக்கொண்டாள். அவள் எந்த நகையும் போட்டு யாரும் பார்த்ததில்லை. வியாழக்கிழமை அந்த ஜோடியைத் தன் பெரிய சிவந்த காதுகளில் மாட்டிக்கொண்டு, ஏப்ரனோடு, முதலாளி அறைக்கு மாடியேறினாள். மற்றப் பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேவிஸ் மட்டும் வலது கையால் கோஸ் செய்துகொண்டிருந்தாள். அன்றைக்கும் ஒரு டஜன் தேற வேண்டுமே.

மிஸ்ஸஸ் இறங்கி வந்து கம்மலைக் கழற்றினாள். மேவிஸ் பக்கம் திரும்பினாள்.

"லீவு முடிஞ்சு முதல் நாள் ஏழரைக்கு இங்க இருக்கணும். அந்த நொட்டாங்கையை ரில் கடற்கரையில எங்கயாவது விட்டுட்டு வந்துடாதே."

மேவிஸ் தன் முன்னால் இருந்த கோஸ் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிவுத் தொட்டியில் தட்டினாள். அதன்பின் வலது கையால் அவள் ஒரு இதழ்கூடச் செய்யவில்லை.

இடது ரோஜாவுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஏற்கனவே இருந்த கேலிப் பெயரே ஒட்டிக்கொண்டது. இடது காதுக்குரியது நொட்டான், வலதுக்குரியது சோத்தான். கணக்கர் சீட்டிலேயே அப்படி எழுத ஆரம்பித்தார்: இளஞ்சிவப்பு, நொட்டான் ஆறு டஜன், சோத்தான் ஆறு டஜன். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் பெட்டிகளின் உள்சீட்டில்கூட அது இருந்தது. சிட்னியில் ஒரு நகைக்கடைக்காரர் அது பூவின் லத்தீன் பெயரா என்று கேட்டுக் கடிதம் போட்டதாக ஒரு கதை உண்டு. உண்மையா என்று தெரியாது. அத்தை உண்மை என்று சத்தியம் செய்வாள்.

கம்மல் வரிசைக்கு வலது ரோஜா பெரும்பாலும் அம்மா செய்தாள். அம்மாவுக்கு உடம்பு முடியாதபோதும், நான் பிறந்தபோதும் வேறு பெண்கள் செய்தார்கள். இடது ரோஜாவை வேறு யாரும் செய்ததில்லை. செய்ய முடியாது. முப்பத்தோரு வருஷத்தில் இன்னொரு இடது கைக்காரி அந்த அறைக்கு வரவில்லை. அத்தைக்கு 1950இல் பித்தப்பையில் அறுவை நடந்தபோது கம்மல் வரிசை ஆறு வாரம் நின்றது. முதலாளியே திராட்சைப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். "பழத்தைக் கொடுத்துட்டு என் கையைத்தான் பாத்தார், முகத்தைப் பாக்கல," என்று பின்னால் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

இதைத்தான் நான் தேவாலயத்தில் சொல்ல நினைக்கிறேன். எங்கள் ஊரில் நூற்றுக்கணக்கான பூக்காரிகள் இருந்தார்கள், கெட்டிக்காரிகள். யார் எதைச் செய்தார்கள் என்று சொல்ல வழியில்லை. கம்பெனி முத்திரை இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் எங்கள் கம்பெனியின் இடது காது ரோஜா உலகத்தில் எங்கே இருந்தாலும், டொரண்டோவில் ஒரு டப்பாவுக்குள் கிடந்தாலும், அது மேவிஸ் கார்ட்லிட்ஜ் செய்தது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்து நிமிர்ந்து நடந்தாள்.

சில சமயம் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து நடந்தாள். அறுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஹான்லி போகும் பேருந்தில் நானும் இருந்தேன். முன்வரிசையில் ஒரு பெண், நல்ல கோட்டு, எங்கள் கம்மல். அத்தை மூன்று நிறுத்தம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தோளைத் தட்டினாள்.

"கண்ணு, காதை மாத்திப் போட்டிருக்க."

"காதையா?"

"காதுல இருக்கறதை. ரெண்டும் முதுகைக் காட்டிட்டு நிக்குது பாரு. வீட்ல சண்டையா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, எங்களைத் தெரியாதவள்போல உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் பயந்துபோய் இரண்டையும் கழற்றி மாற்றிக்கொண்டாள். நடத்துனர் அருகில் வந்து உற்றுப் பார்த்து, "இப்ப நல்லா இருக்கு, கண்ணு," என்றார். ஊரார் எல்லோருக்கும் பீங்கான் பற்றி அபிப்பிராயம் உண்டு.

என் கல்யாணத்தன்று எனக்குப் போட்டுவிட்ட ஜோடி, வெள்ளை, ஓரத்தில் மட்டும் துளி மஞ்சள். வலது காதில் அம்மா, இடது காதில் அத்தை. இரண்டு பேரும் புகைப்படக்காரரை நேராக நிற்கச் சொல்லி அதட்டினார்கள். விருந்தில் எங்கள் பக்கத்து விருந்தாளிகள் எல்லோரும் தட்டைத் திருப்பி எந்தக் கம்பெனி என்று பார்த்ததும், மாப்பிள்ளை வீட்டார் தட்டில் அழுக்கோ என்று பதறியதும் தனிக் கதை.

கம்பெனி இடம் மாறியபோது பழைய இருப்பிலிருந்து ஒரு தேயிலை டப்பா நிறைய ஒற்றைக் கம்மல்களை ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். போன அக்டோபரில் அதில் ஒரு மஞ்சள் ஜோடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதாகப் பத்திரிகையில் வந்தது. இருவரையும் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை. அத்தை பெட்டிமுன் குனிந்து, அட்டையில் இருந்ததை அவளுக்காகச் சத்தமாகப் படித்தாள்.

"பீங்கான் மலர்க் காதணிகள், கையால் செய்தவை. லாங்டன், சுமார் 1955. செய்தவர் தெரியவில்லை."



"யாருக்குத் தெரியல?" என்றாள் அத்தை.

பிறகு கண்ணாடியில் மூக்கு படும்படி பார்த்தாள். "பெரில், உன்னோடது இங்க இல்லவே இல்ல. ரெண்டும் நான்தான். ரெண்டும் நொட்டான். ரெண்டு இடது காது இருக்கறவ வந்தா வாங்கிட்டுப் போகலாம்."

அங்கே பொறுப்பில் இருந்த பிரையனி முப்பதுக்குள் இருக்கும் பெண், மரியாதையானவள். தொழிற்சாலைக் கதை சொல்லிக்கொண்டு வரும் முதியவர்களை அவளுக்குப் பழக்கம். நிறம், அளவு பார்த்துத்தான் ஜோடி சேர்த்ததாகச் சொன்னாள். அட்டையை மாற்ற வேண்டுமென்றால் ஏதாவது எழுத்துச் சான்று வேண்டும் என்றாள்.

"எழுத்தா? நான் எழுதறவ இல்ல கண்ணு, பூக்காரி. உன் கேன்டீன் எங்க இருக்கு?"

கேன்டீனில் அத்தை ஒரு வெள்ளை ரொட்டி சாண்ட்விச் வாங்கினாள். உள்ளே இருந்த பன்றி இறைச்சியை என் தட்டில் போட்டாள். ரொட்டியின் ஓரத்தைக் கிழித்துவிட்டு, பாதியை அம்மாவிடம் தள்ளினாள்.

"வெண்ணெயைத் தொட்டுக்கோ. எண்ணெய் கிடையாது."

"எனக்குக் கண் தெரியலடி."

"கண்ணாலயா செஞ்ச? கண்ணால செஞ்சிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்."

எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் ரொட்டியைப் பிசைந்தார்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் டீயை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒன்பது இதழ், இரண்டு ரோஜா. அத்தை முதலில் முடித்துவிட்டு அம்மாவுக்காகக் காத்திருந்தாள். இரண்டையும் பிரையனியின் உள்ளங்கையில் வைத்தார்கள். ரொட்டியாக இருந்தாலும் எங்கள் ஊர்ப் பெண், முதல் வேலையாகத் திருப்பிப் பார்த்தாள். அடியில் சுருள்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று இப்படி, ஒன்று அப்படி. மேலே பார்த்தாள், மறுபடி அடியில் பார்த்தாள். காதுவரை சிவந்து, பெட்டியின் சாவியை எடுத்துவரப் போனாள்.

"அந்தப் பொண்ணு தேறும்," என்றாள் அத்தை.

அடுத்த வாரம் புதிய அட்டை வைத்தார்கள். இடது காது: மேவிஸ் கார்ட்லிட்ஜ். வலது காது: பெரில் மௌண்ட்ஃபோர்டு. லாங்டன், 1956. வருஷத்தை அத்தைதான் திருத்தினாள். அந்த மஞ்சள் வண்ணம் ஐம்பத்தாறில்தான் வந்தது. அட்டைமுன் நின்று ஒரு தடவை படித்தாள். இரண்டாம் தடவை விரலை வைத்துப் படித்தாள். பிறகு, "எழுத்து கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

மீதி இருந்தவற்றைப் பிரித்துக் கொடுக்க அவளையே கேட்டார்கள். நவம்பரிலிருந்து வியாழன்தோறும் பத்து மணிக்குப் போவாள். நான்கு தட்டுகள். ஒவ்வொரு கம்மலையும் மூன்றில் ஒரு குவியலில் வைக்க வேண்டும்: நொட்டான், அம்மாவின் சோத்தான், மற்றப் பெண்களின் சோத்தான். முதலாவது எளிது. மற்ற இரண்டையும் பிரிப்பதில்தான் நேரம் போனது. அம்மாவின் ரோஜா எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உங்கம்மாவுக்குக் கட்டைவிரல் கனம். அவ ரோஜா கொஞ்சம் தலை குனிஞ்சிருக்கும், திட்டு வாங்கினவ மாதிரி."

"முறைக்கிறதுக்கு அது தேவல," என்றாள் அம்மா.

சந்தேகமாக இருந்தால் அம்மாவுக்குச் சாதகமாக வைத்துவிடலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அத்தை ஒரு பார்வை பார்த்தாள். "அது மில்லி டாம்ஸ் செஞ்சதா இருந்தா? அவ செத்துட்டா, வந்து கேக்க மாட்டாங்கறதுக்காகவா?" ஒரு கம்மலுக்கு இருபது நிமிடம்கூட ஆகும். ஜன்னலோரம் கொண்டுபோய், விளக்கடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவி. முடிவு செய்தபின் மாற்ற மாட்டாள். பிரையனி பக்கத்தில் உட்கார்ந்து எண் போட்டுப் பெயர் எழுதிக்கொள்வாள்.

இன்று வியாழன். பத்து மணிக்குப் பிரையனி அத்தைக்காகக் காத்திருப்பாள் என்று நினைவு வந்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு நானே போய்ச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருந்தாள். கொஞ்சம் அழுதாள். பிறகு தட்டுகளைக் காட்டினாள். முதல் மூன்றும் முடிந்துவிட்டன. சின்னச் சின்ன அட்டைகளில் மேவிஸ் கார்ட்லிட்ஜ், மேவிஸ் கார்ட்லிட்ஜ் என்று வரிசை வரிசையாக இருந்தது. நடுநடுவே அம்மாவின் பெயர். மில்லி டாம்ஸ் பெயர்கூட ஒன்பது இடத்தில் இருந்தது.

நான்காவது தட்டில் முப்பத்தாறு கம்மல்கள். இருபத்திரண்டுவரை போன வாரம் பிரித்திருக்கிறாள். மீதியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எது நொட்டான் என்று எனக்கே தெரிகிறது, ஐந்து இருக்கின்றன. மற்ற ஒன்பதில் எது அம்மா செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தடவிப் பார்த்துச் சொல்ல வரவில்லை. அந்த ஒன்பதுக்கும் அட்டை எழுதவில்லை.